போக்கர் தடையை எந்த வழியில் எதிர்ப்பது: காவிரிப் படுகையிலிருந்து ஓர் ஒப்பீடு

இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டு எதுவானாலும், அது திறனைச் சார்ந்ததா அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததா என்று பாராமல் தடைசெய்யும் ஒன்றிய அரசின் சட்டம், 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையில் கொண்டுவரப்பட்டு, அன்றைக்கே அமளிக்கிடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறி, மறுநாள் மாநிலங்களவையையும் கடந்து, 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. நிலைக்குழு, தெரிவுக்குழு எதற்கும் அது அனுப்பப்படவில்லை. ஒப்புதல் கிடைத்த அதே நாள்களில் போக்கர் என்ற சீட்டாட்டத்தை இணையத்தில் நடத்திய நாட்டின் பெரிய தளங்கள் பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என நம் படுகையின் ஊர்களில் போக்கர் ஆடியவர்கள் ரம்மி ஆடியவர்களைப்போல் பெருங்கூட்டம் இல்லை. நான் அறிந்தவரை, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மென்பொருள் இளைஞர்கள், பொறியியல் படித்தவர்கள், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பிக் கடை வைத்திருப்பவர்கள் ஆகியோரே இதில் பெரும்பாலோர். இவர்களில் பலர் தடையை எதிர்க்கவேண்டும் என்கிறார்கள். எந்த வழியில் என்பதில்தான் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

இந்தத் தடை தவறு என்பது என் உறுதியான எண்ணம். வருமானமுள்ள, வயது வந்த ஒருவர், தம் பணத்தில் ஒரு பங்கை, தாம் கற்றுத் தேர்ந்த ஓர் ஆட்டத்தில் வைப்பதைக் குற்றத் தொழிலின் பகுதியாக்க அரசுக்கு உரிமை இல்லை என்றே கருதுகிறேன். இருந்தாலும் எதிர்க்கும் வழிகள் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. அவற்றை மூன்று கேள்விகளால் அளந்து பார்க்கலாம். அந்த வழி சட்டத்தின் முன் நிற்குமா? நம்மைப் போன்ற சிறு ஊர்க்காரர்களால் செய்யக்கூடியதா? ஆன்லைன் ஆட்டத்தில் பணத்தையும், சில வீடுகளில் உயிரையும் இழந்த குடும்பம் நம் தெருவிலேயே இருந்தால், அவர்கள் முகத்தைப் பார்த்து அந்தக் கோரிக்கையைச் சொல்ல முடியுமா? இவற்றில் மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன்.

தடையின் தவறு எங்கே இருக்கிறது

வழிகளை ஒப்பிடுமுன், நம் வாதத்தின் வலிமையும் எல்லையும் நமக்கே தெளிவாக இருக்கவேண்டும். போக்கர் வகைகளில் பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், அனைவருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறந்தும் வைக்கப்படுகின்றன. பந்தயம் நான்கு சுற்றுகளில் நடக்கிறது. கையில் இரண்டு ஏஸ் வருவது 221 முறைக்கு ஒருமுறை. அப்படி வந்தபின்பும், எதிரில் ஏதோ இரண்டு சீட்டு வைத்திருப்பவரிடம் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து முறை தோற்க நேரும். ஆகவே ஒரே இரவில் அதிர்ஷ்டம் ஆளும் என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான கைகள் (சீட்டுப் போட்டு முடியும் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு கை) ஆடியபின் யார் கணக்கிட்டு ஆடினார், யார் உணர்ச்சிவசப்பட்டு ஆடினார் என்பது தெரிந்துவிடும். 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற மென்பொருள் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் 1,20,000 கைகள் ஆடி நால்வரையும் வென்றது. அதிர்ஷ்டம் மட்டுமே உள்ள ஆட்டத்தில் எந்த மென்பொருளாலும் அப்படி வெல்ல முடியாது.

நாமே முதலில் ஒப்புக்கொள்ளவேண்டிய உண்மை ஒன்றும் உண்டு. போக்கர் தளம் ஆட்டத்தில் கலந்துகொள்வதில்லை. ஒவ்வொரு கையிலும் சேரும் பணத்திலிருந்து ரேக் என்ற பங்கை எடுத்துக்கொள்கிறது. அந்தப் பங்கு வெளியே போவதால், ஆடுபவர்கள் அனைவரின் கணக்கையும் கூட்டினால் எப்போதும் நட்டமே மிஞ்சும். சிலர் தொடர்ந்து வெல்கிறார்கள் என்றால் அவர்களைவிடப் பலர் தொடர்ந்து தோற்கிறார்கள். ‘இது திறன் விளையாட்டு’ என்ற சொற்றொடரை முன்னால் வைத்து இந்தக் கணக்கைப் பின்னால் மறைத்த விளம்பரங்கள்தாம் பொதுமக்களுக்கு நம்மீதிருந்த நம்பிக்கையைக் கெடுத்தன.

தோற்பவர்கள் பலர் என்பது ஒன்றே தடைக்குப் போதுமான காரணமா என்றால், பங்குகளின் பிற்கால விலையை முன்வைத்து ஒப்பந்தம் செய்யும், பங்குச்சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தைப் பார்க்கவேண்டும். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அந்த வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தார்கள் என்றும், மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியே 2024 செப்டம்பரில் அறிவித்தது. ஆன்லைன் பண ஆட்டங்களில் ஆண்டுதோறும் மக்கள் இழப்பதாகத் தடைச் சட்டத்தின்போது அரசு சொன்ன மதிப்பீடு ஏறத்தாழ 20,000 கோடி ரூபாய். பங்குச்சந்தை நட்டத்தைக் கண்ட அரசு அந்த வணிகத்தைத் தடைசெய்யவில்லை. செபி ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது, வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்களைக் குறைத்தது, எச்சரிக்கை வாசகங்களைக் கட்டாயமாக்கியது. ஒரு தொழிலுக்குக் கட்டுப்பாடும் இன்னொன்றுக்குத் தடையும் ஏன் என்ற கேள்விக்கு நாடாளுமன்றத்தில் விடை கிடைத்திருக்கவேண்டும். விவாதமே நடக்காததால் கிடைக்கவில்லை.

நீதிமன்ற வழி

எதிர்ப்பு என்றவுடன் பலரும் நினைப்பது வழக்கைத்தான். அதற்கு இந்நாட்டில் நீண்ட வரலாறு இருக்கிறது. கணிசமான திறன் தேவைப்படும் போட்டி சூதாட்டம் ஆகாது என்ற நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 1957இல் சமர்பாக்வாலா வழக்குகளில் எடுத்தது. 1967இல் சத்தியநாராயணா வழக்கில், ரம்மி மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததன்று என்றும், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆடும் திறன் அதில் மேலோங்கியிருக்கிறது என்றும் கூறியது. தமிழ்நாட்டிலிருந்து போன கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996இல் குதிரைப் பந்தயத்துக்கும் அதே தகுதியைத் தந்தது. நம் மாநிலத்தின் 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டமே, திறனால் மட்டும் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது.

போக்கரைப் பற்றி மட்டும் கேட்டால் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2013இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதைத் திறன் ஆட்டமாக ஏற்றது. 2017இல் குஜராத் உயர் நீதிமன்றம் மறுத்தது. 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் மீண்டும் திறன் பக்கம் நின்றது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத்தின் வரையறையிலிருந்து பிரிட்ஜ், ரம்மி ஆகியவற்றோடு போக்கரையும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது.

தமிழ்நாட்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 2020 நவம்பரில் அவசரச் சட்டமாகத் தொடங்கிய முதல் தடையை, அளவுமீறியது என்று கூறி 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு அதோடு நின்றுவிடவில்லை. 2022இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையைப் பெற்று, புதிய மசோதாவை நிறைவேற்றியது; ஆளுநர் திருப்பி அனுப்பியதும் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமாக்கியது. அதன் அட்டவணையில் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகச் சேர்க்கப்பட்டிருந்தன. 2023 நவம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்று, அந்த அட்டவணையை மட்டும் நீக்கியது. ஆட்டக்காரர்களுக்கு அது வெற்றிதான். ஆனால் இரண்டாண்டுகூட அது நிலைக்கவில்லை.

ஏனெனில் 2025ஆம் ஆண்டு ஒன்றியச் சட்டம், திறனா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே வரையறையில் தேவையற்றதாக்கிவிட்டது. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய வாதம் அந்த ஒரு வரியின்முன் பயனற்று நிற்கிறது. இப்போது மீதமிருப்பவை தொழில் செய்யும் அடிப்படை உரிமை, பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆம் இனத்தில் இருப்பதால் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி ஆகியவைதாம். கர்நாடகம், டெல்லி, மத்தியப் பிரதேசம் ஆகிய உயர் நீதிமன்றங்களில் தொடுக்கப்பட்ட வழக்குகளை 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தன்னிடம் மாற்றிக்கொண்டது. இந்த வழியின் நன்மை தெளிவானது: நாடு முழுவதற்கும் ஒரே தீர்ப்பால் தடை விலகக்கூடிய வேறு வழி இல்லை. குறையும் தெளிவானது. அங்கே பேசுவது நிறுவனங்களின் மூத்த வழக்கறிஞர்கள். மன்னார்குடியில் இருக்கும் ஆட்டக்காரர் செய்தித்தாளைப் பார்த்துக் காத்திருப்பதைத் தவிர அதில் பங்கு கொள்வது கடினம். வென்றாலும், 2021 தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் நடந்ததுபோல, மக்களின் அச்சம் தணியாதவரை சட்டமன்றங்கள் இன்னொரு சட்டத்தோடு திரும்பி வரும். ஆகவே இந்த வழியை ஆதரிக்கலாம்; இதை மட்டும் நம்பியிருப்பதற்கில்லை.

வெளிநாட்டுத் தளங்களில் தொடர்ந்து ஆடுவது

இளைஞர்கள் சிலர் இதையும் ஒருவகை எதிர்ப்பாகப் பேசுகிறார்கள். சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை, நடத்துபவர்க்கே மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவர்க்கு இரண்டாண்டு வரையும் ஐம்பது லட்சம் வரையும் என்றிருக்கும்போது, இருக்கும் இடத்தை மறைக்கும் விபிஎன் மென்பொருளைப் போட்டுக்கொண்டு ஆடினால் என்ன என்று கேட்கிறார்கள். ஒப்பிட்ட வழிகளில் நான் முழுமையாக மறுப்பது இது ஒன்றைத்தான், அதனால் காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பணம் போகும் பாதையை முதலில் பார்க்கவேண்டும். உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளம் இந்திய வங்கியில் தன் பெயரில் கணக்கு வைத்திருக்க முடியாது. ஆகவே முன்பின் தெரியாத தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் அனுப்பச் சொல்லும், அல்லது கிரிப்டோ நாணயம் வாங்கச் சொல்லும். வென்ற பணமும் அப்படியே யாரோ ஒருவர் கணக்கிலிருந்து வரும். அந்தக் கணக்கு வேறொரு மாநிலத்தில் நடந்த இணைய மோசடிக்கும் பயன்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் 1930 என்ற உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு, பணம் கைமாறிய ஒவ்வொரு கணக்கும் முடக்கப்படக்கூடும். நம் பகுதியில் ஒரு குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஒரே கணக்குதான் இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லின் பணம், பயிர்க் காப்பீட்டுத் தொகை, கூட்டுறவுச் சங்கக் கடன், உழவர் உதவித் தொகை எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. மகன் இரவில் வென்ற இரண்டாயிரம் ரூபாய்க்காக, தகப்பனாரின் சம்பா நெல் பணம் முடங்கிக் கிடக்க, முடக்கத்தை நீக்கக் கோரி மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் நிலைக்கு எந்தக் குடும்பத்தையும் தள்ளக்கூடாது.

கட்டிய பணம் பத்திரமாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு மூன்று பெரிய போக்கர் தளங்கள்மீது நடவடிக்கை எடுத்தபோது, அவற்றுள் ஒன்றான ஃபுல் டில்ட் தளத்திடம் ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தரப் போதிய பணமே இல்லை என்பது வெளிப்பட்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு 2014இல்தான் பணம் திரும்பத் தொடங்கியது. அதுவும் அந்த நாட்டு நீதித்துறை தலையிட்டதால் நடந்தது. தஞ்சாவூரிலிருந்து ஆடுபவருக்காகத் தலையிட யாரும் இல்லை. மென்பொருளே மனிதர்களை வெல்லும் காலத்தில், எதிரே அமர்ந்திருப்பது ஆளா நிரலா என்று சோதிக்கவும் அங்கே அதிகாரி கிடையாது.

தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடைசெய்யப்பட்டது. அதற்குப் பிறகும் மூன்று எண் லாட்டரி மறைவாக விற்கப்படுவதும், விற்றவர்கள் கைதாவதும் நம் ஊர்ச் செய்திகளில் நின்றபாடில்லை. தடை ஆட்டத்தை ஒழிக்காமல் மறைவுக்குத் தள்ளுகிறது என்பதற்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டிய சான்று அது. மறைவில் ஆடிக்கொண்டே அந்தச் சான்றை எடுத்துச் சொல்ல நமக்குத் தகுதி இராது. வெளிநாட்டுத் தளத்தில் பணத்தை இழக்கும் ஒவ்வொருவரும் தடையை ஆதரிப்பவர்களுக்கு மேலும் ஒரு காரணமாகிறார்.

மாற்று ஆட்டங்கள்

பணமில்லாத சில்லுகளை வைத்து ஆடலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. கைப்பழக்கம் விடாமலிருக்க அது உதவும், எதிர்ப்பாகாது. கோவாவின் மாண்டோவி ஆற்றிலுள்ள சூதாட்டக் கப்பல்களுக்குப் போவது வசதியுள்ளவர்களுக்கானது. ஊரின் மனமகிழ் மன்றங்களில் பணம் வைத்து ஆடுவதோ 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் வழக்கில் கொண்டுபோய் விடக்கூடியது. இந்த வழியைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

சட்டமன்றத்திடமும் நாடாளுமன்றத்திடமும் கேட்பது

நான் முதலிடம் கொடுக்கும் வழி இது. இதற்குள்ளேயே இரண்டு கோரிக்கைகள் இருக்கின்றன: சட்டத்தை முழுவதுமாகத் திரும்பப் பெறக் கேட்பது, அல்லது உரிமம் பெற்றுக் கண்காணிப்பின் கீழ் ஆட அனுமதி கேட்பது. முதல் கோரிக்கை உணர்ச்சிக்கு நிறைவளிக்கும். ஆனால் அது கட்டுப்பாடே இல்லாத பழைய நிலையைத் திரும்பக் கேட்பதாகவே மக்களுக்குப் படும். கடன் செயலிகளில் வாங்கி ஆடி, நகையை அடகு வைத்து, பிறகு கந்துவட்டிக்காரரிடம் போனவர்களின் வீடுகள் அந்தக் காலத்தில்தான் சிதைந்தன. அந்த வீட்டாரின் முன்னால் நின்று என்னால் அதைக் கேட்க முடியாது. இரண்டாவது கோரிக்கையைக் கேட்க முடியும்.

அதற்கான முன்மாதிரியை வெளியில் தேடவேண்டியதில்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் பண ஆட்டங்களுக்கான ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. பதினெட்டு வயது நிறையாதவர்கள் ஆடக்கூடாது. ஆதார் வழியாகவும் ஓடிபி வழியாகவும் ஆளை உறுதிசெய்யவேண்டும். நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. ஆடுபவர் தமக்கு நாள், வார, மாத வரம்புகளை வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடினால் அரை மணிக்கொரு முறை எச்சரிக்கை வரவேண்டும். இவற்றை எதிர்த்து நிறுவனங்களும் ஆட்டக்காரர்கள் தரப்பினரும் வழக்குத் தொடுத்தார்கள். 2025 ஜூன் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்து ஒழுங்குமுறைகளை உறுதிசெய்தது. மூன்று மாதம் முடிவதற்குள் முழுத் தடை வந்துவிட்டது. இரவு ஐந்து மணி நேரத்தைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று வழக்காடியது பெரும் தவறு என்பது என் தீர்மானமான கருத்து. அன்று அந்த விதிகளை வரவேற்று, தடை வரும்வரையிலான சில மாதங்களேனும் ஒழுங்காக நடத்திக் காட்டியிருந்தால், தடைக்கு மாற்று இருக்கிறது என்று சொல்ல இன்று நம் கையில் தரவு இருந்திருக்கும்.

அமெரிக்காவின் அனுபவமும் இந்த வழிக்கே வலு சேர்க்கிறது. அங்கே 2006ஆம் ஆண்டுச் சட்டம் பணப் பரிமாற்றத்தை அடைத்தது. போக்கரில் திறனே மேலோங்கியது என்று 2012இல் நியூயார்க்கின் ஒன்றிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தபோது ஆட்டக்காரர்கள் கொண்டாடினார்கள். 2013இல் மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டது. அதே 2013இல் நெவாடா, டெலவேர், நியூ ஜெர்சி மாநிலங்கள் தம் சட்டமன்றங்களின் வழியே உரிமம் கொடுத்துப் போக்கரைத் திறந்தன. பென்சில்வேனியாவும் மிச்சிகனும் பின்னர் சேர்ந்தன. கதவைத் திறந்தது மாநிலச் சட்டமன்றம்தான்.

இங்கே மாநிலம் என்ற சொல்லுக்கு எவ்வளவு எடை உண்டு என்பதை நாம் இன்னும் பயன்படுத்திக்கொள்ளவில்லை. பந்தயம், சூதாட்டம் பற்றிச் சட்டம் இயற்றுவது மாநிலத்தின் அதிகாரம். தமிழ்நாடு தானே குழு அமைத்து, சட்டம் இயற்றி, ஆணையம் அமைத்து, விதி வகுத்து, நீதிமன்றத்தில் அதை நிலைநாட்டியும் இருக்கிறது. அப்படி உருவாக்கிய ஏற்பாட்டை இரண்டு நாளில் நிறைவேறிய ஒன்றியச் சட்டம் பயனற்றதாக்குகிறது என்ற வாதம், போக்கரைப் பிடிக்காத அரசியல்வாதியின் காதிலும் விழும். மாநில உரிமையைப் பேசாத கட்சி தமிழ்நாட்டில் குறைவு. தஞ்சாவூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் தொகுதிகளின் மக்களவை உறுப்பினர்களிடம் நாம் முதலில் வைக்கவேண்டியது இந்த வாதத்தையே. ஆட்டத்தின் சிறப்பைப் பிறகு பேசிக்கொள்ளலாம். 2025 அக்டோபரில் தடைச் சட்டத்தின் வரைவு விதிகள்மீது ஒன்றிய அரசு கருத்துக் கேட்டபோது நம் பகுதியிலிருந்து கூட்டாக ஒரு கடிதம்கூடப் போனதாக நான் கேள்விப்படவில்லை. அடுத்த வாய்ப்பை அப்படி விடக்கூடாது.

மனுவில் என்ன கேட்பது என்பதில் படுகைக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. மாத வரம்பு என்பது மாதச் சம்பளக்காரருக்காக வகுத்த விதி. இங்கே வருமானம் மாதாமாதம் வருவதில்லை. குறுவைப் பணம் புரட்டாசியை ஒட்டியும் சம்பாப் பணம் தை, மாசியிலும் மொத்தமாக வந்து சேர்கிறது. அதிலிருந்துதான் பயிர்க் கடன் அடையவேண்டும், அடகு நகை மீளவேண்டும், மேட்டூரில் தண்ணீர் திறந்ததும் விதைக்கும் உழவுக்கும் செலவு செய்யவேண்டும். குத்தகைக்கு உழுபவருக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. கையில் பணம் நிறைந்திருக்கும் மாதத்தில் தாமே வைத்துக்கொள்ளும் வரம்பு எவரையும் காக்காது. ஆகவே மாத வரம்புக்கு மேல், முந்தைய ஆண்டு வருமானத்தின் ஒரு சிறு பங்கைத் தாண்டாத ஆண்டு வரம்பு வேண்டும். அதை உயர்த்தக் கேட்டால் சில வாரம் கழித்தே நடைமுறைக்கு வரவேண்டும். இப்படிக் கேட்பது நம் ஆட்டத்தைச் சுருக்கும் என்பது தெரிந்துதான் கேட்கச் சொல்கிறேன்.

கடன் வாங்கி ஆடுவதை அடைப்பதும் அதே அளவு முக்கியம். பிரிட்டனில் 2020 ஏப்ரல் முதல் கிரெடிட் கார்டு வழியாகச் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் செலுத்த முடியாது. இங்கே கிரெடிட் கார்டோடு கடன் செயலிகளையும் சேர்த்து அடைக்கவேண்டும். சீட்டுக் கலைக்கும் நிரலையும், நிரல் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிக்கும் முறையையும் ஆணையமே ஆண்டுதோறும் தணிக்கை செய்து முடிவை வெளியிடவேண்டும். தோற்றவர் எத்தனை பேர், எவ்வளவு என்ற கணக்கைத் தளங்கள் முகப்பிலேயே காட்டவேண்டும். வரியைப் பொறுத்தவரை, 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதன்மீதும் விதிக்கப்பட்ட 28 விழுக்காடு ஜிஎஸ்டியால், நூறு ரூபாய் கட்டினால் ஏறக்குறைய 22 ரூபாய் வரியாகப் போனது. வென்றதன்மீது 30 விழுக்காடு வருமான வரி வேறு. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி விகிதம் 40 ஆக உயர்ந்தது. முன்பு இருந்ததுபோல ரேக் தொகையின்மீது மட்டும் வரி விதிக்கக் கேட்பது நியாயம்தான். ஆனால் பாதுகாப்புக் கோரிக்கைகளுக்கு முன்னால் வரிக் கோரிக்கையை வைத்தால் நம் நோக்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

முடிவும் ஒரு கருத்து வேறுபாடும்

மேற்கண்ட மூன்று கேள்விகளால் அளந்தபின் என் தேர்வு இப்படி அமைகிறது. மாநில ஆணையத்தின் 2025 ஒழுங்குமுறைகளை அடிப்படையாகக் கொண்டு, அவற்றைவிடக் கடுமையான பாதுகாப்புகளோடு, உரிமம் பெற்ற போக்கரை அனுமதிக்கக் கோரும் மனு முதலில் போகவேண்டும். முதலமைச்சருக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், மூன்று தொகுதி மக்களவை உறுப்பினர்களுக்கும் அது ஒரே வாசகத்தில் செல்லவேண்டும். உச்ச நீதிமன்ற வழக்கின் தீர்ப்பு எப்படி அமைந்தாலும் இந்த மனுவுக்கு வேலை இருக்கும். தடை நீங்கினால் விதிகள் தேவைப்படும். நீங்காவிட்டால் சட்டத் திருத்தம் தேவைப்படும். மனுவில் கையெழுத்திடுபவர்கள் வெளிநாட்டுத் தளங்களில் ஆடுவதில்லை என்ற உறுதியையும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

ஒன்றில் மட்டும் நண்பர்களிடையே உடன்பாடு ஏற்படவில்லை. ஒருவர் ஆட்டத்தில் மூழ்கிவிட்டார் என்று மனைவியோ பெற்றோரோ ஆணையத்திடம் விண்ணப்பித்தால், இரு தரப்பையும் கேட்டபின் அவருடைய கணக்கைக் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்தி வைக்கும் அதிகாரம் இருக்கவேண்டும் என்கிறேன். வயது வந்தவரின் உரிமைக்காகத் தொடங்கிய மனுவிலேயே அந்த உரிமையைக் குடும்பத்தின் கையில் கொடுப்பதா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் நம் ஊரில் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவரும், அடகுக்கு நகை கழற்றிக் கொடுப்பவரும், வட்டிக்காரர் வாசலில் வந்து நின்றால் பதில் சொல்பவரும் ஆடியவர் அல்லர். அவர்களுக்கு ஒரு வாசல் திறந்திருக்கவேண்டும். விண்ணப்பத்தைப் பொய்யாகவோ பகையாகவோ பயன்படுத்தாமலிருக்க, விசாரணைக்கு ஒரு கால வரம்பும், மேல்முறையீட்டுக்கு ஒரு வழியும் சேர்த்து அந்தப் பத்தியை எழுதலாம். அதை ஏற்காதவர்கள் தங்கள் மாற்றுக் கருத்தைத் தனித் தாளில் எழுதி அதே மனுவோடு இணைத்து அனுப்பட்டும். அதற்காக மனுவைத் தள்ளிப்போடவேண்டாம்.